நான் தெரிந்தே விட்ட இலை

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் நிறைய இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை படித்தேன். அதன் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் மலையாள எழுத்துதான். பஸ் போர்டு, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே. எந்த இடத்தில் எந்த லகரம், எந்த ரகரம் என்பது எப்போதோ கலங்கிவிட்டது. பேனாவைப் பிடித்தால் மணிக்கட்டு உள்ளே மடங்கும், வரி மேலே ஏறிப் போகும். என் அக்கா மகள் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பிழையை மட்டும் திருத்து, சொன்னதை மாற்றாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

சும்மா நிற்கும்போது என் இரண்டு கைகளும் முழங்கையில் மடங்கி நெஞ்சுக்கு நேரே வந்துவிடும். மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் கீழே தொங்கும். அதை நானாகச் செய்வதில்லை. இறக்கி விட்டால், யாரோ பிடிக்கச் சொல்லிவிட்டுப் போன இரண்டு பைகளைப் போலக் கனக்கும். மற்றவர்களுக்கு நடக்கும்போது கை வீசுகிறது. எனக்கு வீசாது. வீசிப் பார்த்தால் காலும் கையும் ஒரே பக்கமாகப் போகும். தூங்கும்போதும் மணிக்கட்டை மடக்கித் தாடைக்கு அடியில் வைத்தால்தான் தூக்கம் வரும்.

அதனால் கைக்கு எப்போதும் ஒரு வேலை தேடுவேன். ரோட்டில் நடக்கும்போது வேட்டித் தும்பைப் பிடித்துக்கொள்வேன். அதற்காகவே பேன்ட் போட்டதில்லை. பஸ்ஸில் கம்பி இருக்கிறது. கோயிலில் கும்பிட்டபடி நின்றுவிடலாம். எல்லாரும் கண்ணைத் திறந்து கையை இறக்கிய பிறகும் நான் கும்பிட்டுக்கொண்டே இருப்பேன், பக்தி அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். போட்டோவுக்கு நிற்பதுதான் பெரிய பாடு. எங்கள் குடும்பத்துக் கல்யாணப் படங்களில் நான் யாராவது ஒருவரின் பின்னால் பாதி மறைந்துதான் இருப்பேன்.

இதையெல்லாம் உற்றுப் பார்த்து வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. என் மாமா மகன். என்னைவிட நான்கு வயது மூத்தவர், நான் அத்தான் என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் அதே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தோம். அங்கே அவர் எனக்கு அணில் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. முழங்கையை மடக்கி, விரலைத் தொங்கவிட்டு, பல்லை முன்னே தள்ளி, கழுத்தை இரண்டு பக்கமும் வெட்டுவார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். அச்சு அசலாக நான்தான். பல்லையும் கழுத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். வளர்ந்து மீசை முளைத்த பிறகும், கல்யாணம் ஆன பிறகும், எந்த விசேஷ வீட்டிலும் அந்த அணிலைக் காட்டாமல் அவர் சாப்பிடப் போனதில்லை.

கள்ளிக்காடு என்ற ஊரில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆண்கள் நாலு பேர் போனோம், அத்தானும் வந்தார். பெண் சாயாவும் உப்பேரி என்னும் நேந்திரங்காய் வறுவலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலில் திரைக்கு அருகே நின்றாள். சாயா கிளாஸ் கையில் இருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தேன். கைகள் மேலே வந்துவிட்டன.

அத்தான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கையத் தாத்திப் போடுலே, அணிலே. இங்க மாம்பழம் ஒண்ணும் வச்சிருக்கல்ல, கேட்டியா?"

சொல்லிவிட்டு அந்த வீட்டு நாற்காலியில் இருந்தபடியே அணிலைக் காட்டினார். பெண்ணின் அப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுவாரம் ஜாதகம் சேரவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் சேர்ந்த பிறகுதான் நாங்கள் போயிருந்தோம். அதன் பிறகு எனக்குப் பெண் பார்க்க யாரையும் நான் விடவில்லை. இன்றும் தனியாகத்தான் இருக்கிறேன்.

இனி வேலையைச் சொல்கிறேன். அமரவிளையில் ஒரு வைப்புக்காரர் இருக்கிறார். கல்யாணச் சமையலை மொத்தமாக ஏற்று நடத்துபவர். அவரிடம் இருபது வருடங்களுக்கு மேலாகப் பந்தி விளம்பிவந்தேன். எங்கள் பக்கம் பரிமாறுவதை விளம்புவது என்போம். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. இரண்டு கைகளுக்கும் வேலை. முழங்கை மடங்கித்தான் இருக்க வேண்டும், மணிக்கட்டு தளர்ந்துதான் இருக்க வேண்டும். என் கைகள் எதற்காக இப்படி இருக்கின்றன என்று வாளியைத் தூக்கிய முதல் நாளே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆயிரம் பேர் இருக்கும் கூடத்தில் நான் கூச்சப்படாமல் நடக்கும் ஒரே நேரம் அது.

நான் முகம் பார்த்து விளம்புவதில்லை. இலையைப் பார்ப்பேன், இலையில் இருக்கும் கையைப் பார்ப்பேன். கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். வைப்புக்காரரிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஒரு இலையையும் விடக் கூடாது. கறி குறைந்தால் சொல், கையைச் சுருக்கி விளம்பு, ஆனால் ஒரு இலையைத் தாண்டிப் போகாதே. பந்தியில் ஒருவனைத் தாண்டிப் போவது அவனை எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம் என்பார். இந்தச் சித்திரைவரை நான் ஒரு இலையையும் விட்டதில்லை. அதனால் பாயச வாளி எப்போதும் எனக்குத்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்கா மகள் என் எதிரே உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரைப் பக்கம், தனிக் கவனம் வேண்டிய குழந்தைகள் படிக்கும் பள்ளியில் அவள் டீச்சர்.

"மாமா, ஒங்க கை இப்பிடி நிக்கது எப்பத்தொட்டு?"

"பொறந்ததுதொட்டு. என்னத்துக்கு?"

"எனக்க கிளாஸ்லயும் இப்பிடி நிக்க பிள்ளைய உண்டு. ஒரு டாக்டரப் பாக்கலாமா?"

திருவனந்தபுரத்துக்கு மூன்று தடவை போனோம். டாக்டரம்மா நிறையக் கேட்டார். முகம் பார்ப்பதில்லையா, சத்தம் பிடிக்காதா, சின்ன வயதில் எப்படி விளையாடினேன், எல்லாம் கேட்டார். கடைசியில் ஆட்டிசம் என்றார். இது நோயில்லை, பிறவியிலேயே அப்படி, சிலருக்குக் கைகள் இப்படி நிற்பதும் உண்டு, வேண்டுமென்று செய்வதில்லை என்றார். அக்கா மகள் பஸ்ஸில் வரும்போது, "இப்போ சமாதானமா மாமா?" என்று கேட்டாள். எனக்குச் சமாதானம் வரவில்லை. கோபம் வந்தது. என் மேல் குற்றமே இல்லையென்றால் கள்ளிக்காட்டில் நடந்தது யார் குற்றம்? பாறசாலை வந்து இறங்கும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இறங்கிய பிறகும் விடவில்லை.

இந்தச் சித்திரையில் அத்தானின் மகளுக்குக் கல்யாணம். சமையல் எங்கள் வைப்புக்காரருக்கே கிடைத்தது. தாலி கட்டியாகிவிட்டது, பந்திக்கு இலை போட இன்னும் நேரம் இருந்தது. என் கையில் அப்போது ஒன்றும் இல்லை. சமையல்புரை வாசலில் நின்றேன். அத்தான் மாப்பிள்ளையின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். வடக்கே ஆற்றிங்கல் பக்கத்து ஆள், மலையாளம்தான் பேசுவார், தமிழ் சொன்னால் புரியும்.

"இது நம்ம அத்தை மவனாக்கும்," என்று அத்தான் என் தோளில் தட்டினார். "நல்ல வேலைக்காரன். சும்மா நிக்கச் சொன்னா மட்டும், பாத்துக்கிடும்."

அணிலைக் காட்டினார். பட்டுச் சட்டையும் ஜரிகை வேட்டியும் கட்டி, ஐம்பதைத் தாண்டிய மனிதர், மகள் கல்யாணத்தன்று. சம்பந்தி சிரித்தார். பின்னால் நின்றவர்கள் அதைவிட அதிகம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

பெண் வீட்டுக்காரர்கள் கடைசியில் சாப்பிடுவதுதான் வழக்கம். ஆனால் சம்பந்தி விடவில்லை, முதல் பந்தியிலேயே அத்தானைத் தன் பக்கத்தில் இருக்க வைத்தார். பருப்பு போயிற்று, சாம்பார் போயிற்று. அப்புறம் போளி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் போளியை இலையிலேயே பிய்த்துப் போட்டு, அதன்மேல் பால்பாயசம் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். நான் வாளியோடு வந்தேன். சம்பந்தியின் இலைக்கு இரண்டு கரண்டி விட்டேன். அடுத்த இலையில், சிவப்புக் கல் மோதிரம் போட்ட கை. முகத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. போளி பிய்த்தாயிற்று, பழம் பிசைந்தாயிற்று. பாயசம் வழிந்து போகாமலிருக்க, உள்ளங்கையை வரப்பு மாதிரி இலையில் அணைத்து வைத்துக் காத்திருந்தார்.

நான் தாண்டி அடுத்த இலைக்குப் போனேன்.

"எலே, இங்க," என்றார்.

அதற்கடுத்த இலைக்கும் விட்டேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். அந்தக் கை இலையில் அப்படியே இருந்தது. எடுத்தால் கேவலம், வைத்திருந்தால் அதைவிடக் கேவலம். விரல்களைக் கொஞ்சம் மடக்கினார், நிமிர்த்தினார், ஒட்டியிருந்த பழத்தைக் கட்டைவிரலால் வழித்தார், மறுபடியும் இலையில் வைத்தார். கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் இருந்த ஐந்தாறு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான எதையும் நான் தின்றதில்லை.

ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அத்தான் சத்தமாகச் சிரித்தார்.

"பாத்தியளா? அணிலுக்குக் கை ஒரு எடத்துல நிக்காது. எனக்க எலய விட்டுட்டு ஓடுது!"

பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தி, "போட்டே, சாரமில்ல. பாவம்," என்றார், போகட்டும், பரவாயில்லை என்பது போல. வேறொருவன் பாயசம் கொண்டுவந்து விட்டான். அவர் அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.

பந்தி எழுந்த பிறகு வைப்புக்காரர் என்னை அடுப்புகளுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"எலே மக்கா, எனக்க மொகத்தப் பாக்காண்டாம், தரையப் பாத்துச் சொல்லு. மறந்தியா?"

"இல்ல அண்ணா."

"மறந்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. நானும் அப்பிடித்தான் எல்லாருக்கிட்டயும் சொல்லியிருக்கேன். நாளைக்கும் வாளி ஒனக்குத்தான்."

எனக்குப் புரிந்தது. மறந்தேன் என்று சொன்னால் வாளி கிடைக்கும். இருபது வருடங்களுக்கு மேல் ஒரு இலையையும் விடாத கை, ஆயுளில் ஒரே தடவை வேண்டுமென்று செய்த ஒரு காரியத்தை, கை கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கள்ளிக்காட்டிலும் நான் வாயைத் திறக்கவில்லை.

"மறக்கல்ல. பாத்தேன். அவருக்க கைதான்னு தெரிஞ்சு விட்டேன்."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அப்போ நீ இனி வாளியத் தொடாண்டாம். தெரியாம விட்டவனுக்கு மாப்பு உண்டு. தெரிஞ்சு விட்டவனுக்குக் கிடையாது. நீ செஞ்சது நியாயமா இருக்கும், அது வேற. பின்னால போயி தேங்கா துருவு."

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஒரு ஆள்தான் நான் சொன்னதை அப்படியே நம்பினார். சித்திரை, வைகாசி, ஆனி முழுக்கச் சமையல்புரையில் தேங்காய் துருவினேன். கூடத்தில் பந்தி நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அது எனக்கு வலித்தது. ஆனாலும் அந்த இலைக்குத் திரும்பிப் போய்ப் பாயசம் விட்டிருக்கலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அத்தான் சும்மா இருக்கவில்லை. போன மாதம் பொழியூரில் ஒரு சாவு வீட்டில், பதினாறாம் நாள் சாப்பாட்டின்போதுகூட இந்தக் கதையைச் சொன்னாராம். இப்போது பாயச வாளியோடு ஓடும் அணிலைக் காட்டுகிறாராம். அக்கா மகள்தான் வந்து சொன்னாள்.

"பாவம், மறந்துட்டாருன்னுதான் எல்லாரும் சொல்லியாவ மாமா."

"மறக்கல்ல மோளே. வேணும்னு விட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அப்போ எழுதித் தாங்க. குடும்பக் குரூப்புல போடுதேன். பின்ன ஒங்களப் பாவம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. வெறுப்பாவ, அது சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, எழுத நேரம் கிடைத்தது. குடும்பத்தில் இளையவர்கள் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்களுக்கு யாராவது வாசித்துச் சொல்லட்டும். அத்தானுக்கு யாரும் வாசித்துச் சொல்ல வேண்டாம், அவருக்குத் தமிழ் தெரியும்.

அத்தான், உங்கள் இலையை நான் பார்த்தேன். வாளியில் பாயசம் பாதிக்கு மேல் இருந்தது. என் கை தடுமாறவில்லை. உங்கள் கை தடுமாறியதை நின்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் மேலே நகர்ந்தேன்.

ஆடி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.