எண்ணூர்க் கரையில் நான் அவிழ்த்த முடிச்சு

என் கணவரின் வலது கையில் இன்று இரண்டு விரல்கள்தாம் இருக்கின்றன. மற்ற மூன்றும் போனதற்கு நான்தான் காரணம்.

அது அவருக்குத் தெரியாது. தம் தவறு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். ஆறு ஆண்டுகளாக அந்த நம்பிக்கையை நான் கலைக்கவில்லை... கலைக்கத் துணியவில்லை.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். நாளைக் காலையில் கிணற்றடியில் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால்தான்!

திருத்தணியில், நந்தி ஆற்றை ஒட்டினாற்போல் எங்கள் நிலம். ஆண்டில் பெரும்பாலான நாள் ஆறு வெறும் மணல். மழை பிடித்தால் சில நாள் செந்நீர் ஓடும். அந்த நீரைப் பார்த்தவுடன் எனக்குக் கேள்வி வந்துவிடும்.

"நைனா, இந்தத் தண்ணி எங்க போவுது?"

"கொசஸ்தலை ஆத்துக்கு."

"அப்புறம்?"

"எண்ணூர்ல கடலுக்கு. போதுமா?"

போதவில்லை! கடலில் போய் என்ன ஆகிறது? கடலுக்கு அடுத்த கரை உண்டா? அரக்கோணத்துக்கு அப்பால் எதையும் பார்த்திராத என் தகப்பனார், கேள்விக்குப் பயந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கேள்விகள் நிற்கவில்லை.

என் அத்தை மகன் கோதண்டன்; அத்தை மகனை எங்கள் பக்கம் 'பாவா' என்போம். கணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது, எழுதலாம் அல்லவா? அவர் பழவேற்காட்டில், தம் அப்பாவின் அக்காள் புருஷனான மாமனின் பாய்மரப் படகில் நான்கு ஆண்டு வேலை செய்தவர். மாமனுக்குப் பிள்ளைகள் இல்லை. கண்ணில் புரை விழுந்ததும், "கல்யாணம் பண்ணிகினு வா, படகு உனுது" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கம் பெண்ணிடம் யார் சம்மதம் கேட்கிறார்கள்? அவர் கேட்டார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், மலைப்படியில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"பட்டு, நமக்கு வூடு இருக்காது. தண்ணி மேலயேதான் வாழ்க்கை. அறுப்புக்கும் பண்டிகைக்கும்தான் ஊரு. வருவியா?"

"தூங்கும்போது படகு ஆடுமா பாவா?"

அவர் சிரித்த சிரிப்பில் காவடி எடுத்து வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்!

தையில் திருமணம். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து மாட்டு வண்டி. பழவேற்காட்டில் முதன்முதலாக எங்கள் படகைப் பார்த்தேன். தட்டையான அடி, ஒற்றைப் பாய்மரம், ஒட்டுப் போட்ட பழுப்புப் பாய். பின்பக்கம் ஓலைக் கூரை, இருவர் படுத்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மணல் நிரப்பிய மரப்பெட்டிமேல் மண் அடுப்பு. அதுதான் என் சமையலறை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் முடங்கிக் கிடந்தன. பட்டணத்து அடுப்புகளுக்குச் சவுக்கு விறகு வேண்டும். அது எங்கள் படகில், கடலோரக் கால்வாய் வழியே போனது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்! ஓர் ஊரில் உலை வைத்து அடுத்த ஊரில் சோறு வடித்தேன். நான் உட்கார்ந்தே இருந்தேன். பனைமரங்கள் நடந்து போயின. காற்று விழுந்துவிட்டால் அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு இழுத்து நடப்பார். சுக்கான் என் கையில்.

"வலக்கைப் பக்கம் தள்ளு! ஐயோ, அது சோத்துக் கையா?"

"ஆங், சோத்துக் கைதான்! நீ திரும்பி நின்னுகினு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். நீர் ஏன் கரிக்கிறது, எதிர்க்காற்றில் பாயை எப்படிச் சாய்ப்பது, கடல் எதற்கு ஏறுகிறது, எதற்கு வற்றுகிறது... எல்லாம் சொன்னார். ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டார். படகைக் கரையில் கட்டும் முடிச்சு. கண் இமைப்பதற்குள் கட்டிவிடுவார். படகு இழுக்க இழுக்க அது இறுகும். வால் நுனியைத் தொட்டு இழுத்தால் பொசுக்கென்று அவிழும். இரண்டும் ஒரே முடிச்சில் எப்படி?

"சொல்லிக் குடு பாவா."

"குடுக்கிறேன். இன்னா அவசரம்? நாம இன்னா நாளைக்கே கரையேறப் போறோமா?"

பட்டணத்தில் விறகை இறக்கிவிட்டுத் திரும்பினோம். எண்ணூர் முகத்துவாரத்தருகே, பிற்பகலில், முளைக்குச்சியில் படகைக் கட்டினார். குடத்தை எடுத்துக்கொண்டு குடிநீர் தேடி ஊருக்குள் போனார்.

நான் தனியாக இருந்தேன். முடிச்சும் நானும்.

ஒரு முறை பார்த்துவிட்டால் என்ன? வால் நுனியை இழுத்தேன். அவிழ்ந்தது! கயிறு எப்படி வளைந்தது, எதற்குள் எது போனது... பார்த்தேன். திரும்பக் கட்டினேன். வரவில்லை. மீண்டும் கட்டினேன். மூன்றாம் முறை, அவர் கட்டியது போலவே இருந்தது.

போலவே... அந்தச் சொல்லை எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்!

அத்தோடு உட்கார்ந்திருந்தாலும் தப்பியிருக்கும். மணல்மேட்டுக்கு அப்பால், அதுவரை காதால் மட்டும் கேட்டிருந்த கடல் இரைந்துகொண்டிருந்தது. நந்தி ஆற்று நீர் போய்ச் சேரும் கடல்! இறங்கி ஓடினேன். மேட்டின் உச்சியில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன்? தெரியாது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

அவருடைய கூச்சல் கேட்டுத்தான் திரும்பினேன்.

நீர் வற்றத் தொடங்கியிருந்தது. வற்றும் நீர் எங்கள் படகைக் கடல் வாய்க்கு இழுத்துக்கொண்டிருந்தது. குடம் கரையில் உருள, அவர் நீரில் பாய்ந்து நீந்தினார். படகின் விளிம்பைப் பிடித்துவிட்டார். அதற்குள் படகு சுழன்று கரையோரக் கல்லில் மோதியது. கல்லுக்கும் பலகைக்கும் நடுவே அவருடைய வலது கை.

வலைக்காரர்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். அலை இரைகிற இடத்தில் எங்கள் வீடு பலகை பலகையாகப் பிரிந்தது. கயிறு அறுந்திருக்கவில்லை. முழுதாக, நீளமாக, படகின் பின்னால் மிதந்து போனதை அவரும் பார்த்தார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட கையோடு ஒரு முறைதான் கேட்டார்.

"நான் கட்டும்போது நீ பாத்துகினு இருந்தியே பட்டு. சரியாத்தானே கட்டினேன்?"

இதோ, என் குற்றம் இதுதான். முடிச்சை அவிழ்த்தது விளையாட்டு, நீங்கள்கூட மன்னிப்பீர்கள். ஆனால் அந்த நேரத்தில் நான் சொன்னது:

"எனக்கு இன்னா தெரியும் பாவா..."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழவேற்காட்டில் அந்த மாமன், புரை விழுந்த கண்களை எங்கோ வைத்துக்கொண்டு, ஊரார் முன்னால் கேட்டார்: "முளையில கயிறு கட்டத் தெரியாதவனுக்கா என் படகைக் குடுத்தேன்?" இவர் தலை குனிந்து நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. பயமா? வெட்கமா? அவர் என்னைத் தாய்வீட்டில் விட்டுப் போய்விடுவார் என்ற எண்ணமா? இன்றும் கேட்டுப் பார்க்கிறேன். எந்தப் பதிலும் முழுதாக இல்லை.

திருத்தணிக்கே திரும்பினோம். என் தகப்பனாரின் நிலத்தில் வேலை செய்கிறார். கரும்புக்கு நீர் பாய்ச்சுகிறார், இடக்கையால் மண்வெட்டி பிடிக்கப் பழகிவிட்டார். சாயங்காலம் பசுவைக் கட்டிவிட்டு, "பட்டு, ஒரு தபா பாரு" என்று கூப்பிடுவார். நான் போய்ப் பார்ப்பேன். "சரியா கீது பாவா" என்பேன். தினமும்!

போன மாதம் பழவேற்காட்டிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி தாவீது வந்திருந்தார். புதுப் படகு கட்டுகிறாராம்.

"பாய் புடிக்க ஆள் இருக்குது. தண்ணி தெரிஞ்ச ஆள்தான் இல்ல. குடும்பத்தோட வந்துடு கோதண்டா."

ஒரு கணம் அவர் முகத்தில், மலைப்படியில் நான் பார்த்த அதே ஒளி! பிறகு இரண்டு விரல் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"கை இப்படி ஆனதுக்காகச் சொல்லல. நல்லா இருந்தப்பவே நான் கட்டினது நிக்கல. உன் படகும் போகணுமா? வோணாம்பா."

மோர்ச் சொம்போடு நான் நடுவில் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். அவர் எழுந்து தாவீதோடு போயிருப்பார், தெரியுமா? இத்தனைக்குப் பிறகும், அவருக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு வாக்கியம்...

மோரை ஊற்றினேன்.

தாவீது சாயங்கால ரயிலுக்குப் போனார். ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பிவிட்டு இவர் வந்தார். கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். நான் பரிமாறினேன்.