பவுடர் வாசனை அடித்த பானை ஓடு

சலூன்காரருக்குப் பழங்காலப் பைத்தியம். நாற்காலியில் உட்கார்ந்தவர் தாடையில் நுரையைத் தடவிவிட்டு, கத்தியை உயர்த்திப் பிடித்தபடி ஆதிகுடிகளின் புதைகுழிகளைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். கத்தி அவர் கையில் இருந்ததால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கடைக்கு லீவு விட்டால் போதும், மனைவியை இழுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மண்மேட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். பாறையில் செதுக்கிய தலையைப் பார்த்தால், "பின்பக்கம் என்னமா ஏத்தி வெட்டியிருக்கான் பாரு!" என்பார். ஆனால் சொந்தமாக ஒரு ஓட்டாஞ்சில்லுகூடக் கண்டெடுத்ததில்லை. பாவம், அந்த ஏக்கம் மனுஷனை அரித்துக்கொண்டே இருந்தது.

இந்தத் தடவை மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கும் வெறுங்கையோட திரும்பினா, அடுத்த வருஷம் கடலுக்குத்தான். மறுபேச்சே கிடையாது."

போன இடத்தில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. வெளியே கொட்டிய மண்ணைக் கிளறிப் பார்க்க வருகிறவர்களையும் விட்டார்கள். மனைவி மரத்தடியில் உட்கார்ந்து, கிடந்த கல் ஒன்றால் பாதாம்கொட்டை உடைத்துத் தின்றாள். இவர் மண்ணில் புரண்டார். கடைசியில், அடேயப்பா, சிவப்பாக ஒரு ஓடு! விளிம்பு முழுக்க விரல் தடம். சலூன் பிரஷ்ஷால் பதமாகத் துடைத்து, அகழாய்வு அதிகாரியம்மாவிடம் ஓடினார்.

அந்தம்மா முகர்ந்து பார்த்தாள். "என்ன சார், பவுடர் வாசனை அடிக்குது?"

"அது என் பிரஷ்ஷும்மா. ஓடு ஒரிஜினல்!"

காவலாளி எட்டிப் பார்த்தார். "அட, போன வாரம் நான் போட்டு உடைச்ச பூந்தொட்டி!"

சலூன்காரர் முகம் தொங்கிப்போயிற்று. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். "என்னங்க, கடல்தானே?"

"அம்மா, அப்படியே நில்லுங்க!" அதிகாரி அலறினாள். "கையில என்னது?"

"கல்லு. பிடிக்க வாட்டமா இருந்துச்சு."

"வாட்டமாத்தான் இருக்கும்! அந்தக் காலத்து ஆளுங்க கொட்டை உடைக்கவே தேய்ச்சு வெச்ச கல்லும்மா அது!"

கூட்டம் கூடிவிட்டது. மனைவி கல்லோடு போட்டோவுக்கு நின்றாள். "சார், நீங்க கொஞ்சம் ஓரமா போங்க" என்றார்கள். அவள் கைப்பையைச் சுமந்துகொண்டு ஓரமாகப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் அவளே பேச்செடுத்தாள். "கடல் எங்க ஓடிடப்போகுது? அடுத்த வருஷமும் மேட்டுக்கே போவோம். அந்த பிரஷ்ஷை மட்டும் வீட்டுல வெச்சிட்டு வாங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் வயிறு எரிந்தது.

இப்போதும் கடையில் கத்தியை உயர்த்திப் பிடித்து, "நாங்க கண்டுபிடிச்ச கல்லு இருக்கே..." என்றுதான் ஆரம்பிப்பார். கத்தி அவர் கையில் இருப்பதால், 'நாங்க' என்றால் யார் என்று எவரும் கேட்பதில்லை.