கணினி திருத்தும் தையல்காரி

பழுப்புக் காகிதத்தை மேசையில் விரித்து, மடிக்கணினியை அதன்மேல் கவிழ்த்து வைத்து, தையல் சோக்கால் சுற்றிவரக் கோடு இழுக்கிறார் விமலேஸ்வரி. சட்டைக்கு அளவு வெட்டுகிற அதே காகிதம்தான். பிறகு அடிப்பக்கத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கணினியில் எது எங்கே இருந்ததோ காகிதத்திலும் அதே இடத்தில் குத்தி நிறுத்துகிறார். "ஆணியெல்லாம் பாக்க ஒரே மாதிரித்தான் கிடக்கும். நீட்டு ஆணியைக் கட்டை ஆணியின்ரை இடத்திலை பூட்டினால் உள்ளுக்கைத் துளைச்சுப் போடும்," என்கிறார், வாயில் கவ்விய குண்டூசியை எடுக்காமலே.

முள்ளியவளையில் பிரதான வீதியை ஒட்டி இருக்கிறது அவருடைய கடை. பலகையில் 'விமலா தையலகம்' என்று பெரிதாகவும், 'கணினியும் திருத்தப்படும்' என்று அதற்குக் கீழே சிறிதாகவும் எழுதியிருக்கும். கணினிக்குப் பை தைப்பீர்களா என்று கேட்டு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்களாம். வந்தால் பையும் தைத்துக் கொடுக்கிறார்.

நாற்பத்தாறு வயது. மெல்லிய உருவம். சிரிப்பதென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சிரிப்பார். போருக்குப் பிறகு மீள்குடியேறி இரண்டாம் வருடம் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தது. தையல் வகுப்பில் சேர்ந்தால் கடைசியில் ஒரு மெசின் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு இவர் போனார். இவர் போய்ச்சேருவதற்குள் தையல் வகுப்பு நிரம்பிவிட்டது. கணினி திருத்தும் வகுப்பில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. "தைக்க எனக்கு முதலே தெரியும். மெசின்தான் இல்லை. சரி, இதையும் பிரிச்சுத்தான் பாப்பம் எண்டு குந்தினனான்," என்றார். ஆறு மாதம் முடிய, வகுப்பிலிருந்த பதினேழு பேரில், செத்த கணினியை எழுப்பத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். மெசினைப் பிறகு தானே வாங்கிக்கொண்டார்.

கடைக்கு வருகிறவர்களைச் சும்மா இருக்க விடமாட்டார். என் காற்சட்டை நீளத்தைக் குறைக்கப் போன எனக்கு முதல் நாளே பிளேட்டைக் கையில் தந்து, "மடிப்பைப் பிரியுங்கோ, கை சும்மாதானே கிடக்கு," என்றுவிட்டார். அப்படி என் காற்சட்டையை நானே பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞானப்பிரகாசமும் அவர் மகள் நிறஞ்சனாவும் வந்தார்கள்.

கடலோரக் கள்ளப்பாட்டிலிருந்து, காலைப் பூசை முடிந்த கையோடு, மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். ஞானப்பிரகாசம் கடல் தொழில் செய்கிறவர். அகலமான தோள், அயன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட். உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்த பழைய மடிக்கணினியை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதுக்கு வைஃபை பிடிக்குதில்லை. நாலு மணிக்குள்ளை வேணும்."

"நாலு மணிக்கு என்ன அண்ணை?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் தானே சொன்னாள். நோர்வேயிலிருந்து ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை பெயர் றஜித், கொம்பியூட்டர் எஞ்சினியராம். நாலு மணிக்கு வீடியோவில் கதைக்க வருகிறார்.

"போனிலை கதைச்சால் என்ன?" என்றேன் நான்.

"போனிலை பாத்தால் எல்லாரும் வடிவுதான், சேர்," என்றாள் நிறஞ்சனா. "எனக்குப் பெரிசாப் பாக்கவேணும். பின்னாலை நிக்கிற தாயின்ரை முகத்தையும் பாக்கவேணும்."

விமலேஸ்வரி கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். பிறகு அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு காகிதத்தை விரித்தார்.

மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. விமலேஸ்வரி 'காட்' என்று சொல்கிற வைஃபை அட்டை தீப்பெட்டி அளவுதான். அதன் தங்கநிறப் பற்கள் கடற்காற்றின் உப்பில் பச்சையாகிப்போயிருந்தன. வெளியே செருகுகிற சின்ன வைஃபைக் குச்சி ஒன்றை ஞானப்பிரகாசம் முன்னமே வாங்கிப் பார்த்திருக்கிறார். பக்கத்துத் துளைகளும் துருப்பிடித்துக் கிடந்ததால் அது நிற்கவில்லை. விமலேஸ்வரி வவுனியாவிலிருந்து வாங்கி வைத்திருந்த புது அட்டை ஒன்றைப் பூட்டி, கறுப்பு வயரையும் வெள்ளை வயரையும் நுனியில் அழுத்திக் கொழுவி, கணினியை இயக்கினார்.

அது இரண்டு தரம் கீச்சிட்டது. கறுத்த திரையில் வெள்ளை எழுத்து. அனுமதியில்லாத அட்டை, கழற்றிவிட்டு வா என்றது. அதற்கு மேல் ஒன்றுக்கும் அசையவில்லை.

"என்ரை பிழை," என்றார் உடனே. "இந்தப் பழைய மொடலுகள் தன்ரை கொம்பனி ஒத்துக்கொண்ட காட்டைத்தான் உள்ளை விடும். நான் முதலே யோசிச்சிருக்கவேணும். கலியாணம் பேசுற மாதிரித்தான், முதல்லை நீ ஆரின்ரை ஆள் எண்டு கேக்குது."

வந்த நேரத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய்வழி, தகப்பன்வழி எல்லாம் விசாரித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஞானப்பிரகாசம், அந்த இடத்தில் கொஞ்சம் அடங்கினார்.

பிஸ்கட் டின் ஒன்று வெளியே வந்தது. செத்த கணினிகளிலிருந்து கழற்றிய அட்டைகள் அதற்குள் ஐம்பதுக்குக் குறையாமல் இருந்தன. கொட்டிப் பரப்பி, உருப்பெருக்கியை நிறஞ்சனாவிடம் கொடுத்து இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். டோர்ச் பிடிக்கிற வேலை தகப்பனுக்கு. பகல் இரண்டு மணி கழிந்து, "அக்கா, இதுதான்!" என்று நிறஞ்சனா கத்தினாள். அதே கொம்பனி, அதே இலக்கம். பூட்டினார்கள். கணினி முறைப்பாடு இல்லாமல் எழும்பியது. ஆனால் வைஃபை நிறுத்தப்பட்டிருக்கிறது, சுவிச்சைப் போடு என்றது. அந்தச் சுவிச் கணினியின் முன்விளிம்பில் இருந்தது. அதுவும் துருப்பிடித்து, 'இல்லை' என்ற பக்கத்திலேயே இறுகிப்போயிருந்தது.

"அப்ப சரிவராதோ?" என்றார் ஞானப்பிரகாசம். குரல் இறங்கிவிட்டது. மூன்று மணி ஆகிக்கொண்டிருந்தது.

"இருங்கோ அண்ணை, இன்னும் வழி கிடக்கு."

தன் கொப்பியைப் புரட்டினார். பாதிப் பக்கங்களில் மார்பளவு, கையளவு. மீதியில் அட்டைகளின் படம். சுவிச் சொல்கிற 'வேண்டாம்' என்ற செய்தி அட்டையின் ஒரேயொரு பல் வழியாகத்தான் உள்ளே போகிறதாம். பின்பக்கம், நடுவெட்டைத் தாண்டி இரண்டாவது பல். அதை மட்டும் மூடிவிட்டால் அட்டைக்குச் செய்தி கேட்காது. செலோரேப்பில் நூல் தடிப்புக்கு ஒரு கீற்று வெட்டினார். ஊசி முனையில் எடுத்து ஒட்டினார். பக்கத்துப் பல்லும் சேர்ந்து மூடுபட்டது. உரித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு கீற்று வெட்டினார். சட்டைக்குக் கொக்கி வைக்கிற நேரத்தில் கை எப்படி அசையாமல் நிற்குமோ அப்படி நின்றது.

மூன்றரைக்குத் திரையின் மூலையில் வெள்ளைக் கோடுகள் எழும்பின. நிறஞ்சனா கையைத் தட்டினாள். ஆணிகளைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பூட்டி முடிக்க நாலுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. கள்ளப்பாட்டுக்குப் போய்ச்சேர நேரமில்லை. வீட்டு விறாந்தையைக் கழுவி, யன்னலுக்குப் புதுச்சீலை போட்டுக் காத்திருந்த தாய் சூசையம்மா, "அப்ப என்ரை வீட்டை ஆர் பாக்கிறது?" என்று போனில் கேட்டது எனக்கும் கேட்டது. விமலேஸ்வரி கொடியில் தொங்கிய சட்டைகளை அள்ளி ஒதுக்கிவிட்டு, ஒரு நீலச் சேலையை விரித்துவிட்டார். கடை கல்யாண மண்டபம் மாதிரி ஆனது.

நாலு மணிக்கு றஜித் வந்தார். வட்ட முகம், கூச்சமான சிரிப்பு. வணக்கம் சொன்னார், வாய் திறந்தபடி உறைந்துபோனார். அரை நிமிடத்தில் உயிர் வந்தது. "மன்னிக்கவேணும்," என்றார், திரும்ப உறைந்தார். பின்னால் நின்ற தாயின் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது: "புதுசொண்டு வாங்கெண்டு... எத்தினை தரம்..."

ஞானப்பிரகாசம் சகுனத்தைப் பற்றி முணுமுணுக்கத் தொடங்க, விமலேஸ்வரி கதிரையை இழுத்துப்போட்டு நிறஞ்சனாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"தம்பி, உங்கடை லப்டொப்பும் பழசோ?"

"ஓம் அன்ரி. பத்து வருசம்."

"அது கரண்ட் மிச்சம் பிடிக்கிறன் எண்டு வைஃபை காட்டை இடைக்கிடை நித்திரையாக்குது. நான் சொல்லுறதைச் செய்வீங்களோ?"

"சொல்லுங்கோ அன்ரி. எழுதிறன்."

பேப்பர் தேடவில்லை. உள்ளங்கையில் பேனையால் எழுதினார். பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அவருடைய கணினி நோர்வே மொழியில் இருந்தது. "பறவாயில்லை, மேலையிருந்து எத்தினையாவது எண்டு எண்ணிச் சொல்லுங்கோ," என்றார் விமலேஸ்வரி. இங்கே இருந்த கணினியில் அதே பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, இவர் எண்ண, அவர் எண்ண, பிழையான பெட்டி இரண்டு தரம் திறந்தது. றஜித் ஒரு தரமும் எரிச்சல்படவில்லை. "என்னிலைதான் பிழை, திருப்பி வாறன்," என்று தன்னைத்தானே பார்த்துச் சிரித்தார். கடைசியில், நித்திரையாக்க அனுமதி கொடுக்கிற சின்னக் கட்டத்தின் சரியடையாளத்தை எடுத்துவிட்டார். படம் அதன்பிறகு உறையவில்லை.

"எஞ்சினியர் எண்டல்லோ சொன்னவை," என்றார் ஞானப்பிரகாசம் என் பக்கம் திரும்பி, மெதுவாகத்தான். அங்கே கேட்டுவிட்டது.

றஜித்தின் முகம் மாறியது. பின்னால் தாய் எதையோ எடுப்பதுபோல அப்பால் போனார்.

"ஆர் ஐயா சொன்னது? சம்பந்தம் கொண்டுவந்த மாமி சொல்லியிருப்பா. நான் எஞ்சினியர் இல்லை. மீன் கொம்பனியிலை வேலை. ஐஸ் போட்டுப் பெட்டி அடுக்கிறது. நீங்கள் தெரிஞ்சுதான் கதைக்கிறீங்கள் எண்டு நினைச்சனான்."

 வீதியில் ஒரு உழவு இயந்திரம் போய் முடிந்தது.

"என்ன மீன்?" என்றாள் நிறஞ்சனா.

அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "சல்மன்," என்றார் அவர்.

"முள்ளு கனக்க இருக்குமோ?"

"முள்ளுக் குறைவு. ருசியும் குறைவு. எங்கடை பாரையின்ரை கிட்டவும் வராது."

"கை விறைக்காதோ?"

"முதல் வருசம் அழுதனான்," என்றார் றஜித். நிறஞ்சனா கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"கதைச்சது காணும் பிள்ளை, எழும்பு," என்றார் தகப்பன்.

"இருங்கோ அப்பா. நான் இன்னும் கேட்டு முடியேல்லை."

விமலேஸ்வரி எழுந்து ஞானப்பிரகாசத்தின் முழங்கையைத் தொட்டார். "வெளியிலை வாங்கோ அண்ணை, உள்ளுக்குப் புழுக்கம்." எனக்கும் கண்ணைக் காட்டினார். மூவரும் வாசலுக்கு வந்தோம்.

"பொய் சொல்லிப்போட்டினம், தங்கச்சி."

"சொன்னது மாமி. அவர் கேட்டவுடனை உள்ளதைச் சொல்லிப்போட்டார். பெட்டை முன்னாலை, தாய் பின்னாலை நிக்கேக்கை, ஆர் அப்பிடிச் சொல்லுவான்?"

ஞானப்பிரகாசம் வேலிக்கு அப்பால் காய்ந்துகொண்டிருந்த நெல்லைக் கனநேரம் பார்த்தார். போன் அடித்தது. சூசையம்மாதான்.

"எஞ்சினியர் இல்லையாம்... மீன் வேலையாம்." கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம், எங்கடை வேலைதான். ஐஸ் பெட்டி... ஓம். சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறாள். நாங்கள் வர நேரமாகும், நீ சாப்பிடு."

அந்த நேரம் பார்த்து, கையில் சேலைப் பையோடு ஒரு பெண் படியேறப் பார்த்தார். விமலேஸ்வரி முக்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப்போட்டு அதில் அமர்ந்து, சத்தம் போடவேண்டாம் என்று உதட்டில் விரலை வைத்தார். உள்ளே நிறஞ்சனா ஏதோ சொல்ல, இரண்டு பேரும் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. விமலேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, கதவை இழுத்துச் சாத்தினார்.