ஆளுக்கு ஒரு காது

என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் இந்த உலகத்தில் தீராத பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். அவர்கள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பேர் வாங்கிவிட்ட ஒரு வெள்ளைக்கார ராக் இசைக்குழுவின் பாட்டுகளில் முதல் பத்து எவை, அவை எந்த வரிசையில் வரும் என்பது. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலிடம் எதற்குத் தெரியுமா என்று ஆரம்பிப்பார். எனக்கு வாய்த்த இருவரே போதும்.

கணவரின் அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம் அது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனும் தம்பியும் வளர்ந்தது ஹைதராபாத்தின் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அத்தான் இன்னமும் அதற்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெட்ரோ பிடித்து, ஆட்டோ மாறி, கொண்டாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துவிடுவார். கையில் போவன்பள்ளி மார்க்கெட் காய்கறி. மொத்த வியாபாரக்காரர்களிடம் வாங்கிப் பழகி, கால் கிலோ என்று ஒரு அளவு இருப்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு பை கோவைக்காய் கொண்டுவந்து, "ஃப்ரிட்ஜ்ல வைம்மா, ஒண்ணும் ஆகாது" என்பார். ஆகும். புதன்கிழமைக்குள் ஆகிவிடும்.

வந்து காபி குடித்ததும் சோபாவில் இருவரும் ஒட்டி உட்காருவார்கள். பாட்டுகளின் உண்மையான பெயர்களை நான் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. யாரோ ஒருவர் தும்மிவிட்டு ஆரம்பிக்கும் பாட்டு, தும்மல் பாட்டு. கடைசியில் கதவு சாத்துகிற பாட்டு, கதவுப் பாட்டு. அப்புறம் ஊமைப் பாட்டு, அழுமூஞ்சிப் பாட்டு, இப்படி. ஹைதராபாத்தில் பிறந்த இரண்டு தமிழ்ப் பையன்களுக்குப் பாடுகிறவரின் உச்சரிப்பு ஒரு வரிகூடப் புரியாத வயதில் வைத்த பெயர்கள் அவை. இப்போது புரியுமா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்கள்.

ஒரே இயர்ஃபோன்தான். ஒரு முனை அண்ணன் காதில், மறுமுனை தம்பி காதில். அவர்களுடைய அப்பாவுக்கு ரயில்வேயில் ராத்திரி டியூட்டி. பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் ஒரு டம்ளர் உருண்டாலும் தோலை உரித்துவிடுவாராம். அதனால் வாக்மேனில், மூச்சு விடாமல், ஆளுக்கு ஒரு காதாகக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். இடது முனை அண்ணனுக்கு, வலது முனை தம்பிக்கு. அப்பா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, யாரும் தூங்கவில்லை. இருந்தாலும் அப்படித்தான். தனியாக, இரண்டு காதிலும் மாட்டி ஒரு நாளாவது கேட்டதில்லையா என்று கேட்டேன். அது துரோகமாம். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வரிசையை எழுதியும் வைப்பதில்லை. எழுதினால் முடிந்துபோகும் அல்லவா. வாரா வாரம் ஒன்றாவது இடத்திலிருந்து சண்டை ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒன்றைத் தாண்டவே தாண்டாது. நடுநடுவே எங்கள் வீட்டு ஹைதராபாத் உருது வேறு வந்து விழும்: நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன்.

"தும்மல் பாட்டுல வருதே அந்த கிடார், அதுக்கே முதலிடம் குடுக்கலாம்டா."

"அதுல ஏதுண்ணா கிடார்? முழுக்க ஆர்கன். சோகமா இழுத்துக்கிட்டே இருப்பான். என்னைக் கேட்டா எட்டாவது இடம்."

"ஆர்கனா? நக்கோடா. காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே?"

"உனக்குத்தான் ரயில் சத்தத்துலயே காது போயிருச்சு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்கிறேன். இரண்டு பேருக்கும் மூளை கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று முடிவுகட்டி, சாம்பாரைக் கிளறப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, காலேஜ் படிக்கிற எங்கள் மகளுக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் தமிழில் கேட்டால் பாதி நேரம் வேறு ஏதாவது மொழியில் பதில் சொல்கிறவள் அவள். விறுவிறுவென்று வந்து இரண்டு பேர் காதிலிருந்தும் இயர்ஃபோனைப் பிடுங்கித் தன் காதுகளில் மாட்டிக்கொண்டு தும்மல் பாட்டைக் கேட்டாள்.

"பெரியப்பா, இது பழைய ஸ்டீரியோ. கிடார் ஃபுல்லா லெஃப்ட்ல இருக்கு. ஆர்கன் ஃபுல்லா ரைட்ல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் லைஃப் ஃபுல்லா ஹாஃப் சாங்தான் கேட்டிருக்கீங்க. கைக்கு இத்தனை ஃபைட்?"

இரண்டு முனைகளையும் பெரியப்பா காதுகளில் அவளே செருகிவிட்டாள். அத்தான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டு பாதி போயிருக்கும், மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"டேய், ஆர்கன் இருக்குடா."

அடுத்து என் கணவர் மாட்டிக்கொண்டார். அவரும் பாதியில் திரும்பி, "கிடார் இருக்குண்ணா" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. பொங்கிப் பொங்கிச் சண்டை போட்ட இரண்டு பெரிய மனிதர்களும் ஆளுக்குப் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி என்று ஆகிவிட்ட பிறகு எதை வைத்துச் சண்டை போடுவது? ஒவ்வொரு பாட்டாக, முழுசாக, முறை வைத்துக் கேட்டார்கள். "நீ சொன்னது நியாயம்தாண்டா" என்று அண்ணன் விட்டுக்கொடுக்க, "இல்லண்ணா, நீ சொன்ன இடத்துலயே இருக்கட்டும்" என்று தம்பி விட்டுக்கொடுக்க, சாயங்காலம் காபி கொதிப்பதற்குள் பத்தும் முடிந்துவிட்டது. தும்மல் பாட்டு ஒன்று, கதவுப் பாட்டு ஒன்பது. மகள் அதைத் தட்டச்சு செய்து இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அப்பாடா என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

அத்தான் காபியைக் குடித்தார். ஃபோனில் வந்ததை ஒரு தடவை படித்தார். "சரி, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, எப்போதும் இருட்டிய பிறகு கிளம்புகிறவர், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. சாதம் அவருக்கும் சேர்த்து வடித்துவிட்டு ஃபோன் செய்தேன்.

"வந்து என்னம்மா பண்ணப்போறேன், அதான் முடிஞ்சுபோச்சே. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் அவர் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டார். அக்கா, அதாவது அவர் மனைவி, இறந்த பிறகு தனி ஆள். பிள்ளைகள் இல்லை. எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டோம். சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்குக் கூப்பிட்டார்கள். எதற்கும் வருவதில்லை. சும்மா போய் உட்கார்ந்தால் அடுத்தவர்களுக்குப் பாரம் என்பார். எங்கள் வீட்டுக்கு அவர் வாரா வாரம் வந்ததற்கு இருந்த ஒரே சாக்கு அந்தச் சண்டை. அதை நாங்கள் கைகொட்டிச் சிரித்து முடித்து வைத்துவிட்டோம்.

என் கணவரிடம், "நீங்க கூப்பிடுங்க" என்றேன். கூப்பிட்டார்.

"என்னண்ணா பண்றே?"

"ஒண்ணுமில்லடா."

"சாப்பிட்டியா?"

"ஹவ், ஆச்சு."

"சரி, வெக்கிறேன்."

இவ்வளவுதான். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்ல இந்த வீட்டு ஆண்களுக்கு நாக்கு புரளாது. பத்துப் பாட்டுக்கு மணிக்கணக்கில் வாய் கிழியப் பேசுவார்கள். ஃபோனை வைத்துவிட்டு என் கணவர் பால்கனியில் போய் நின்றுகொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் அத்தான் வரவில்லை. அவர் தயிர்சாதமும் ஊறுகாயும் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிக்காரர் மேல் கோபம் கோபமாக வந்தது, அண்ணன்காரர் மேல் அதைவிட.

மூன்றாவது ஞாயிறு காலை, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகளுடைய ஃபோனில் தும்மல் பாட்டைப் போட்டுக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. இரைச்சலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நடுவில் ஓரிடத்தில் கிடார் சட்டென்று நின்றுவிடுகிறது. ஆர்கன் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போகிறது. எனக்கு அங்கே அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அத்தானுக்கு ஃபோன் செய்தேன்.

"அத்தான், உங்க முதலிடம் தப்பு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. "என்னது?"

"தும்மல் பாட்டு. கேட்டேன். முதலிடத்துக்கு லாயக்கே இல்ல. பத்துக்குள்ளயே வரக்கூடாது."

"நீயா கேட்டே?"

"நான்தான். ரெண்டு தடவ."

"அப்போ எதைத்தான் முதல்ல வெக்கணுங்கறே?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "கதவுப் பாட்டு" என்று சொல்லி வைத்தேன்.

"கதவுப் பாட்டா? அதை ஒன்பதுல வெக்கவே ரெண்டு பேரும் அவ்வளவு யோசிச்சோம். இரு இரு, இது ஃபோன்ல பேசுற விஷயம் இல்ல."

சாப்பாட்டு வேளைக்கு முன்பே வந்துவிட்டார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. என் கணவர் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, சோபாவில் நகர்ந்து அண்ணனுக்கு இடம் விட்டார்.

"எந்த இடம்மா பிடிக்கலை? இடத்தைச் சொல்லு" என்றார் அத்தான்.

"அந்த நடுவுல, கிடார் நின்னுபோய் ஆர்கன் மட்டும் தனியா வருதுல்லா, அது" என்றேன். "சகிக்கல."

அத்தான் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கண்ணைக் கழுவியும் சிவப்பு போகவில்லை என்று நினைக்கிறேன்.

"உனக்குப் பொய் சொல்லவே வரலைம்மா" என்றார்.

பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "டேய், உன் பொண்டாட்டி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குடா. ஒண்ணுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். ஒரு நாள்ல ஆகிற வேலையா இது" என்றபடி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.