எபிரேயச் சங்கீதமும் எங்கள் கைகளும்

எங்கள் தாம்பரம் சபையின் பாடகர் குழு மாஸ்டர் ஒல்லியானவர். பகலெல்லாம் பள்ளியில் கத்திவிட்டு வருவார். சுருதி பார்க்கும் டியூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். தூங்கிவிட்டார் என்றே நினைப்போம்.

அறுபதுகளின் கடைசியில் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் கொண்டுவந்தார். முந்நூறு வருடங்களுக்கு முன்பே இத்தாலியில் ஒரு யூதர் தங்கள் ஜெப ஆலயத்துக்காக நான்கு குரலில் அமைத்தது. எபிரேய வார்த்தைகள் வலமிருந்து ஓடின, இசைக்குறிகள் இடமிருந்து. எங்களுக்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் கையாலேயே எழுதியிருந்தார். நான்கு மாதம் பழகினோம்.

ஒருநாள் ஒத்திகைக்குச் சபைக் கமிட்டி மூப்பர் வந்தார். "இயேசு பேரே இல்லாத பாட்டு நம்ம கோயில்ல எதுக்கு மாஸ்டர்?"

"சங்கீதம்தானே சார், வாரா வாரம் வாசிக்கிறோமே. இதுக்கு இசை அமைச்சவரையே அவங்க ஆளுங்க, கோயில்ல இப்படி நாலு குரல்ல பாடக்கூடாதுன்னாங்க."

"பாத்தீங்களா, அவங்களுக்கே வேணாமாம்!" என்று சிரித்த மூப்பர் எங்களிடம் திரும்பினார். "யாருக்கு இதைப் பாடணும்? கை தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை. நானும்தான். தம்பி வேலைக்கு மூப்பர் சிபாரிசு தேவைப்பட்டது. கோழைப் பயல் நான்.

மாஸ்டர் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பழைய கீர்த்தனை. "பேஸ், சுருதி இறங்குது சார்," என்றார் அடிக்குரல் பாடும் என்னிடம், வழக்கமான அலுத்த குரலில். திட்டித் தொலைத்திருக்கலாம். மன்னித்தாரா, எங்களிடம் அவ்வளவுதான் எதிர்பார்த்தாரா, இன்னும் தெரியவில்லை.