போடியில் வெட்டிய சாவி

மஸ்கட்டில் டீ குடிக்க யாரும் கடைக்குள் போவதில்லை. வாசலில் காரை நிறுத்தி ஹாரனை ஒரு தட்டுத் தட்டினால் டீ காருக்கே வந்துவிடும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எவனாவது இப்படி ஹாரன் அடித்துப் பார்க்கட்டும், டீக்குப் பதில் வெந்நீர்தான் வரும். இத்தனை வருஷம் ஆகியும் நான் ஹாரன் அடிப்பதில்லை. டீ போடும் மலையாளி தானாக நிமிர்ந்து பார்க்கும்வரை உட்கார்ந்திருப்பேன். ஐந்தாம் வகுப்போடு ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போனவன் நான். வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. போன லீவில் அந்தக் கூச்சம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதுகிறேன். படிக்கிற நம் ஆட்களில் ஒருவருக்காவது ஒரு லீவு மிச்சமானால் சரி.

இங்கே ஒரு மசாலாக் கடையில் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. முதலாளியை அர்பாப் என்போம். இரண்டு வருஷத்துக்கு முன் பழைய ஜப்பான் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். அதற்கு ஒரே ஒரு சாவிதான். அது தொலைந்தால் வண்டி வெறும் தகரம் என்று அறைத்தோழர் பஷீர் பயமுறுத்திக்கொண்டே இருந்தார். அவர் கம்பத்துக்காரர். சரி என்று கார் கம்பெனியின் ஷோரூமுக்குப் போய், மேசையில் இருந்த ஓமானியிடம் சாவியை நீட்டினேன். கீழே கிடந்த சாவியை எடுத்துக் கொடுக்க வந்த நல்லவன் என்று அவர் நினைத்துவிட்டார். நெஞ்சில் கைவைத்து "சுக்ரான், சுக்ரான்" என்று நன்றி சொல்லிச் சாவியை மேசைக்குள் போட்டுப் பூட்டினார். என் சாவியை நானே திருப்பிக் கேட்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு விஷயம் புரிந்து, ஒரு காகிதத்தில் விலை எழுதிக் காட்டினார். அந்த விலைக்கு நான் வாங்கிய காரில் பாதி வரும். நானும் "சுக்ரான்" சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பல் வலித்தாலும், கண்ணாடி உடைந்தாலும், செருப்பு வாய் பிளந்தாலும் லீவு வரட்டும் என்று காத்திருப்போம். எல்லாவற்றையும் ஊரில் போய் மலிவாக முடித்துக்கொள்வோம். மகளுக்கு வளைகாப்பு என்று ஒரு மாதம் லீவு கிடைத்தது. சொத்தைப் பல்லோடு சாவியையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அர்பாப் அனுமதியோடு காரைக் கடைக்குப் பின்புறம் நிறுத்தியிருந்தேன். காரைப் பூட்டினேன், கதவை இழுத்துப் பார்த்தேன். இருக்கிற ஒரே சாவி என் சட்டைப் பையில் கடல் தாண்டுகிறது என்பது மட்டும் உறைக்கவில்லை.

நான் பழகிய வண்டி அப்படி. வெளிநாடு வருவதற்கு முன் போடிக்கு மேலே மலையில் இருக்கிற குரங்கணிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஸ்டாண்டில் ஏழு ஜீப்புக்கும் எந்தச் சாவியும் சேரும். ஒருநாள் என் சாவியைக் காணோம் என்று நகவெட்டியால் திருகி, ஆள் லோடு ஏற்றி எஸ்டேட் போய்த் திரும்பியிருக்கிறேன்.

போடியில் சாவிக்கடை வைத்திருப்பவர் முருகன். என் சாவியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள சிப்பு இருக்குண்ணே. அச்சு வெட்டிருவேன், கதவு திறக்கும். இஞ்சின் கிளம்பணும்னா வண்டியில மிஷினை மாட்டிச் சொல்லிக்குடுக்கணும். வண்டியக் கொண்டாங்க."

வண்டி ஓமானில் நிற்கிறது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். கடையில் நாலு பேர் நின்றார்கள். வெளிநாட்டுக்காரன் இது தெரியாமலா வந்தான் என்று சிரிப்பார்களே என்று, "வண்டி மலையில நிக்குது" என்றேன்.

"மலையிலன்னா?"

"குரங்கணிப் பக்கம்."

"அட, எனக்கும் அங்கிட்டு ஒரு சோலி இருக்கு. மிஷினை எடுத்துக்கிறேன், ஏறுங்க."

மறுக்கவும் வாய் வரவில்லை. ஸ்டாண்டு ஜீப் ஒன்றில் முருகன் மிஷினைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் "இங்கயாண்ணே?" என்றார். "இன்னும் மேல" என்றேன். குரங்கணியில் ரோடு முடிந்தது. இறங்கி நின்றோம். அதற்கு மேல் காப்பிச்செடியும் நடைபாதையும்தான். அந்த நேரம் பஷீர் போன் அடித்தார். அவருக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம்.

"அண்ணே, வியாழக்கிழமை சரக்கு லாரி வருது. ஒங்க காரை எடுக்கணுமாம், அர்பாப் கேட்டாரு. சாவி எங்க வச்சிருக்கீங்க?"

"எங்கிட்டத்தான்."

"ஒங்ககிட்டன்னா?"

"குரங்கணியில."

"இன்னொரு சாவி?"

"அது போடத்தான் இங்க கொண்டாந்தேன்."

அந்தப் பக்கம் பஷீர் போனை வைத்துவிட்டார். இந்தப் பக்கம் முருகன் மிஷினைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "மாப்ளே, இன்னும் கொஞ்சம் மேல போனா ஓமான் வந்துரும், ஏறு!" என்றார். போடிக்கு நான் திரும்பும் முன்பே அந்தச் சிரிப்பு போய்ச் சேர்ந்திருந்தது. முருகன் மட்டும் நல்ல மனுஷர். கடைக்கு வந்ததும் ஒரு சாவி அச்சு வெட்டிக் கையில் கொடுத்து, "கதவாச்சும் திறக்கும்ணே, வச்சுக்கங்க" என்றார்.

கூரியர் ஆபீசில் பத்து நாள் ஆகும் என்றார்கள். அன்று திங்கள். வளைகாப்பு வெள்ளிக்கிழமை. "ஒரு போனைப் போட்டு, முடியலைன்னு முதலாளிகிட்டச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. போனை எடுத்தேன். நம்பரையும் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என் காரால் லாரி தெருவில் நிற்கும், அர்பாப் இனி வராதே என்பார், அப்புறம் என்ன செய்வது? டிக்கெட்டை மாற்றினேன்.

"அப்பா எங்கன்னு புள்ள கேட்டா, சாவி குடுக்கப் போயிருக்காருன்னு சொல்லவா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. வாங்கி வந்திருந்த வளையல்களை மகள் கையில் அப்போதே போட்டுவிடலாமா என்று கேட்டேன். முகூர்த்தத்துக்கு முன் போடக்கூடாது என்றாள். போடிமெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டங்கள் வழியாகக் கொச்சிக்கு பஸ் போகும்போது சொத்தைப் பல் வலித்தது. அதைப் பிடுங்க மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை விமான நிலையத்திலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். லாரி வந்து சரக்கை இறக்கிக்கொண்டிருந்தது. என் கார் சற்றுத் தள்ளி வேப்பமர நிழலில் நின்றது. முந்தின நாள் மார்க்கெட்டிலிருந்து எட்டுப் பேர் வந்து கட்டிலைத் தூக்குவதுபோலத் தூக்கி வைத்துவிட்டார்களாம். பஷீர் அதைச் சொல்லப் போன் அடித்தபோது நான் கொச்சி விமான நிலையத்தில், அர்பாப் கூப்பிடுவாரோ என்று பயந்து போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அர்பாப் என்னைப் பார்த்துப் பதறிப்போனார். "லேஷ்?" என்றார். ஏன் வந்தாய் என்று அர்த்தம். சாவியைக் காட்டினேன். "வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு?" என்று தெரிந்த இந்தியில் கேட்டார். மறுபடியும் சாவியைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு, கையைப் பிடித்து இரண்டு சந்து தள்ளிக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பாகிஸ்தான்காரர் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முருகனிடம் இருந்த அதே மிஷின் அவரிடமும் இருந்தது. எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் புதுச் சாவி போட்டு, காரையும் கிளப்பிக் காட்டினார். டிக்கெட்டை மாற்றக் கொடுத்த காசில் பாதிகூட ஆகவில்லை. தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் ஏலக்காய் டப்பாக்களோடு போகிறேன். ஒருநாள் கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை போனில் வளைகாப்பைப் பார்த்தேன். மகள் இரண்டு கையையும் காமிராவுக்கு நேராக நீட்டி ஆட்டினாள். வளையல் சத்தம் இங்கே வந்து சேரக் கொஞ்சம் தாமதமானது.

இப்போது என் வளையத்தில் மூன்று சாவிகள் தொங்குகின்றன. தினமும் காலையில் போடிச் சாவியால் கதவைத் திறந்து உட்கார்கிறேன். பிறகு மஸ்கட் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்புகிறேன். "ஒரே சாவியில ரெண்டும் ஆகுமேண்ணே?" என்று பஷீர் கேட்டார். ஆகும்தான். காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, போடிச் சாவியாலேயே கதவைத் திறந்தேன்.