முப்பத்தெட்டாயிரம் பேருக்கு ஒரே முகவரி

அக்காவின் இடது கையில் மூன்று விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. தட்டச்சு செய்யும்போது அவை மட்டும் காற்றில் நிற்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. நோயாளிகளின் பெயர், முகவரி, சிகிச்சை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இதற்கென்று படித்து வந்தவர் இல்லை. பதிவுச்சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்து, யாரோ விட்டுப்போன கையேட்டைச் சாப்பாட்டு இடைவேளைகளில் படித்துத் தானே கற்றுக்கொண்டார். சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு தச்சர் வீடு மாறினார். அவருடைய முகவரியை மாற்றும் கட்டளையில், யாருக்கு மாற்ற வேண்டும் என்கிற நிபந்தனையை எழுத அக்கா மறந்துவிட்டார். ஒரே நொடியில் பதினோராயிரம் நோயாளிகள் தச்சர் வீட்டுக்குக் குடிபோனார்கள். நான்காம் நாள் தச்சர், ஆஸ்பத்திரி எல்லோருக்கும் அனுப்பிய பரிசோதனை முடிவுகள் சாக்குப்பை நிறைய, உறை பிரிக்காமல் வந்து நின்றார்.

"இதுல எனக்குச் சர்க்கரை இருக்குன்னு எது சொல்லுதுன்னு மட்டும் பார்த்துக் குடும்மா."

அன்றிலிருந்து அக்காவுக்குத் தச்சரம்மா என்று பேர். மருந்துக் கடைக்காரர் இன்றும் விடுவதில்லை: "என்ன தச்சரம்மா, இன்னிக்கு யாரை யார் வீட்ல குடிவெச்சீங்க?"

அதன்பிறகு எத்தனை பேருக்கு மாறும் என்று எண்ணிப் பார்க்காமல் அக்கா ஒரு கட்டளையும் கொடுத்ததில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு முழு நகல் ஒன்று தானாகப் பதிவாகும்படி செய்தார். மாதம் ஒருமுறை அதை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்றும் பார்ப்பார்.

அவன் வந்தது ஒரு பகல் பன்னிரண்டரைக்கு. கையில் லாரிச் சக்கரம் கழற்றும் ஸ்பேனர். வாசலில் தடுத்த காவலாளியின் தாடையில் அடித்துவிட்டுத்தான் எங்கள் அறைக்குள் நுழைந்தான். உள்ளே நானும் அக்காவும் மட்டும். கதவைத் தாழிட்டு, இரும்பு அலமாரியைக் கதவுக்குக் குறுக்கே சாய்த்தான்.

அவன் மனைவியை எங்களுக்குத் தெரியும். அவன் உடைத்த மணிக்கட்டுக்கு இங்கேதான் கட்டுப் போட்டார்கள். அவள் அவனை விட்டுப் போய்விட்டாள். அன்று காலைதான் வந்து, புது முகவரியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"என் பொண்டாட்டி எங்க இருக்கான்னு இதுக்குள்ள இருக்குல்ல? எடு."

"எடுக்க மாட்டேன்."

அவன் அக்காவின் இடது கையை மேசை இழுப்பறைக்குள் திணித்து, காலால் உதைத்து மூடினான். சுள்ளி முறிகிற சத்தம். இழுப்பறையைத் திறந்து, மறுபடி உதைத்தான். அக்கா கத்தவில்லை, மேசைமேல் வாந்தியெடுத்தார்.

"அடுத்தது அந்தக் கை. அப்புறம் இந்தப் பொண்ணு" என்று ஸ்பேனரை என் பக்கம் நீட்டினான்.

எனக்கும் தேடத் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"அவளை விடு. நான் தேடுறேன்" என்றார் அக்கா.

வலது கையால் ஒரே ஒரு வரி எழுதினார். அதன் கடைசியில் நிபந்தனை இல்லை. எண்ணியும் பார்க்கவில்லை. வலியில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். விசையைத் தட்டினார். முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு மாறிவிட்டதாகத் திரை சொன்னது. பிறகு அவன் மனைவியின் பெயரைத் தேடினார். முகவரி இருந்த இடத்தில் 'முன் வாசல்' என்று வந்தது.

"என்ன இது? வேற யாரையாவது எடு."

எடுத்தார். முன் வாசல்.

"என்னை எடு." யாரையோ குத்திக் கிழிந்த தன் கைக்கு அவனும் இங்கே தையல் போட்டுக்கொண்டு போயிருந்தான். அவனும் முன் வாசலில்தான் குடியிருந்தான்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்" என்றார் அக்கா. "இனிமே இந்த மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடிச்சு என்ன கேப்ப?"

ஆனாலும் அடித்தான். முதலில் திரையை, பிறகு அவர் தோளை, பிறகு வாயை. இரண்டு பற்கள் விசைப்பலகைமேல் விழுந்தன. வார்டு ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரால் இடித்துக் கதவைப் பிளந்தார்கள். மூன்று பேர் அமுக்கியும் ஒருவர் காதைக் கடித்துத் துப்பினான். போலீஸ் வரும்வரை அவன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா என் சட்டையைப் பிடித்தார். "காலை நகலைப் பழைய மெஷின்ல ஏத்து. பயப்படாத, வரும்."

நாற்பது நிமிடத்தில் எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆறு மணிக்குப் பிறகு பதிவானவை மட்டும் நகலில் இல்லை. அவற்றைச் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் கட்டுப்போட்ட கையோடு வார்டிலிருந்து அக்கா நடந்து வந்தார். வாய் வீங்கியிருந்தது.

"எத்தனை சீட்டு?"

"இருபத்தாறுக்கா. இருபத்தஞ்சு ஏத்திட்டேன். அந்தப் பொண்ணோடது மட்டும் கைல வெச்சிருக்கேன்."

"குடு."

ஒரு கையால் முடியாமல், சீட்டை மேசையில் முழங்கையால் அழுத்திக்கொண்டு கிழித்தார். துண்டுகளை என் தண்ணீர் டம்ளரில் போட்டு மை கலையும்வரை கலக்கினார். கம்ப்யூட்டரில் அவளுக்குப் பழைய முகவரிதான் திரும்பியிருந்தது, அவன் வீடு.

"வியாழக்கிழமை அவளுக்குக் கட்டுப் பிரிக்கணுமேக்கா. வரலைன்னா எங்க போய்த் தேடுறது?"

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"அட்ரஸ்?"

"நேத்து காலைல அந்தச் சீட்டை எழுதினது யாரு?" என்றார். பேசும்போது உதட்டுத் தையலில் ரத்தம் கசிந்தது. "அவன் அடிக்க அடிக்க, கதவு நம்பர்கூட மறக்கலை."